மூக்கு மடிப்பு

ஜனவரி 12

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? போனில் அம்மா கேட்டபோது சிரித்தீர்கள், பதில் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. போன் அப்பாவுடையது. நான் பேசும்போது பக்கத்திலேயே நின்று, "சாப்பிட்டானான்னு கேளு, தூங்குறானான்னு கேளு" என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். சில விஷயங்களை அப்படிப் பேச முடியாது.

அப்பா பயிற்சிக்குப் போகத் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. பாட்டில் தொழிற்சாலையை மூடியபோது அரசாங்கம் அறிவித்த பயிற்சிதான். ஐந்து மாதம் ஃப்ரிட்ஜ், ஏசி பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் எழுதிப் பார்க்கத் தோன்றுகிறது. உலைப் பிரிவில் தொண்ணூறு பேர் கேட்டார்கள், இடம் முப்பதுதான். கேன்டீனில் பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டார்கள். பெரியவர்கள் எடுத்தால் சந்தேகம் வரும் என்றார் அதிகாரி. அப்பா மறந்துவிட்டுப் போன அடையாள அட்டையைக் கொடுக்க வந்த நான் மாட்டிக்கொண்டேன். உங்கள் கைக்குட்டையால்தான் என் கண்ணைக் கட்டினார்கள். பதினொன்றாவது சீட்டில் அப்பாவின் டோக்கன் எண் வந்தது. உங்கள் எண் கடைசிவரை வரவில்லை. நான்காம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டீர்கள்.

அப்பா பழகிப் பார்க்க ஒரு செத்த ஃப்ரிட்ஜை வாங்கி வந்திருக்கிறார். குளிராது. கதவைத் திறந்தால் விளக்கு மட்டும் எரியும். எல்லாரும் தூங்கிய பிறகு அந்த வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்று முடியவில்லை.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே தையல் கடை அக்கா வாங்கி வைப்பாள். நான் ஆறாவது படிக்கும்போது உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மூக்கு மடிப்பில் மடித்திருக்கிறேன். மூலையை உள்ளே செருகியதும் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த மூக்கு நசுங்கியிருந்தால் யாரோ பிரித்துப் படித்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீங்களும் அப்படியே மடியுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சுண்டெலி


ஜனவரி 27

அன்புள்ள சுண்டெலிக்கு,

மூக்கு நசுங்காமல் வந்து சேர்ந்தது. முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. அது என்னுடையதா, கிடங்கு முதலாளியுடையதா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

இங்கே சிமெண்ட், சர்க்கரை, கோதுமை எல்லாம் வருகிறது. லாரியிலிருந்து இறக்கி அடுக்க வேண்டும். ஒரு அறையில் ஆறு பேர். ஒருவன் திரும்பிப் படுத்தால் ஆறு பேரும் திரும்ப வேண்டும். ஏன் இங்கே வந்தாய் என்று முதல் நாளே கேட்டார்கள். ஒரு பிஸ்கட் டப்பா என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றேன். அன்றிலிருந்து என் பெயர் "டப்பா". "டேய் டப்பா, தண்ணி பிடிச்சு வை" என்றால் நான்தான் எழுந்து போகிறேன்.

இருபது வருஷம் உலை முன்னால் வெந்த அண்ணன் இப்போது குளிரைப் படிக்கிறார் என்பதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. நன்றாகப் படிக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

ஏதோ சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். கணக்கில் கோட்டை விட்டாயா? சொல்ல வாய் வராத விஷயமாக இருந்தால் விட்டுவிடு. எனக்கும் அப்படி ஒன்றிரண்டு இருக்கிறது.

அண்ணியின் இருமல் நின்றதா? ராத்திரி கண் விழிக்காதே.

உன் சித்தப்பா


மார்ச் 5

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. எனக்குத்தான் சரியாகத் தூக்கம் வருவதில்லை, மற்றபடி குறையில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் அப்பாதான் வயதில் மூத்தவர். வாத்தியாருக்கு இருபத்து நாலு வயது. தவறாகச் சொன்னாலும் "ஐயா, இன்னொரு தடவை யோசிங்க" என்கிறாராம். "திட்டினாக்கூடப் பரவாயில்ல, ஐயான்னு கூப்பிட்டுத் திருத்துறான் பாரு, அதுதான் தாங்கல" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். சாப்பிடும்போதுகூடத் தட்டில் விரலால் குழாய் படம் போடுகிறார். பயிற்சிக்குத் தரும் படிப்பணம் அரிசிக்கும் வாடகைக்கும் போதவில்லை.

முந்தாநாள் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். பயிற்சியால் வேலை கிடைக்கிறதா, வருமானம் கூடுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பாராம். நாங்கள் "கணக்கம்மா" என்கிறோம். பயிற்சி கிடைத்த முப்பது பேரை மட்டும் கேட்டால் போதாதா என்று அப்பா கேட்டார்.

"கிடைக்காத அறுபது பேரையும் கேக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆளுங்க. நடுவுல இருக்கிறது அந்தக் குலுக்கல் மட்டும்தான். அது நேர்மையா நடந்ததாலதான் இந்தக் கணக்கை நாலு பேரு நம்புவாங்க" என்றார் கணக்கம்மா.

அப்பா என் தோளில் கைவைத்து, "சீட்டு எடுத்தது எம் பொண்ணுதாங்க" என்றார்.

கணக்கம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அடுக்களைக்குப் போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

இந்த முறையும் சொல்லவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

உங்கள் சுண்டெலி


மார்ச் 22

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீ தூங்கு, முதலில்.

உன் கணக்கம்மா எனக்கும் போன் செய்தார். போன மாதம் எத்தனை நாள் வேலை, எவ்வளவு வந்தது என்று கேட்டார். ஒரு நாள்கூட விடாமல் வேலை என்றேன். பயிற்சி கிடைக்காததால் என்ன நஷ்டம் என்று கேட்டார். "எங்கண்ணன் காசில்லாம படிக்கிறாரு, நான் படிக்காம சம்பாதிக்கிறேன். நஷ்டம் யாருக்குன்னு நீங்களே எழுதிக்குங்க" என்றேன். பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டார் போலிருக்கிறது.

ஆக, டப்பா என்னைக் கைவிட்டதில் பெரிய தப்பில்லை. அண்ணன் பேருக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். உனக்கு ஷூ வாங்கச் சொல். அண்ணன் முறைத்தால், தம்பி பணம் கடிக்காது என்று சொல்.

குலுக்கலைப் பற்றி அடிக்கடி எழுதுகிறாய். அதை விடு. முடிந்த கதை.

எல்லாருக்கும் என் அன்பு.

டப்பா


ஜூலை 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

அப்பாவுக்குச் சான்றிதழ் வந்து மூன்று வாரம் ஆகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு பதினோரு கடை ஏறி இறங்கிவிட்டார். எல்லாரும் முதலில் சான்றிதழைப் பார்க்கிறார்கள், பிறகு தலைமுடியைப் பார்க்கிறார்கள். "இந்த வயசுல ஏணி ஏறுவீங்களா?" என்று ஒருவர் கேட்டாராம். இப்போது ஒரு ஏசி மெக்கானிக்கின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். கூப்பிட்ட நாளைக்குத்தான் கூலி.

நேற்று அம்மா தன்னை மறந்து சொல்லிவிட்டாள். "உங்க தம்பி மாதிரி மூட்டை தூக்கப் போயிருந்தாகூட இந்த ஆறு மாசம் வீணாயிருக்காது." அப்பா எழுந்துவிட்டார். அந்தச் செத்த ஃப்ரிட்ஜின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது, "இரு, ஒரு ஸ்க்ரூ கெடக்கு" என்றார். எனக்குத் தெரியும், ஸ்க்ரூ எதுவும் இல்லை.

சித்தப்பா, அப்பாவை அந்த வகுப்பில் உட்காரவைத்தது பிஸ்கட் டப்பா இல்லை.

இதற்குப் பிறகு நாலு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்கப் பார்க்காதீர்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் சுண்டெலி


ஆகஸ்ட் 8

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. தையல் கடை அக்கா, "உனக்கு லெட்டர் வந்தா நானே வாசல்ல நின்னு கூப்பிட மாட்டேனா?" என்று அலுத்துக்கொள்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பா போன் செய்தால், "வேலையா இருக்கேன் அண்ணா" என்று வைத்துவிடுகிறீர்களாம்.

அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து வைக்கும் குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாதச் சம்பளம். ஏணி ஏறுவதைவிட ராத்திரி முழுக்க எந்திரத்தைக் கவனிக்கும் பொறுமைதான் வேண்டுமாம். "இருபது வருஷம் உலை பார்த்தவர்" என்று அந்த இளம் வாத்தியார்தான் சொல்லி அனுப்பினார். ஆனால் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்களாம். வீட்டு ஃப்ரிட்ஜும் குளிர ஆரம்பித்துவிட்டது. கதவைத் திறந்துவைத்து எழுதினால் கை விறைக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

முக்கியமான செய்தி. இரண்டாவது அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். போன தடவை சீட்டு வராதவர்களுக்குத்தான் முதலிடம், குலுக்கல் கிடையாது. கணக்கம்மா சொன்னார். செப்டம்பர் 30க்குள் டோக்கனோடு நேரில் வந்து பதிய வேண்டும். வராவிட்டால் இடம் வெளியாளுக்குப் போய்விடும்.

வாருங்கள் சித்தப்பா. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் சுண்டெலி


ஆகஸ்ட் 20

சுண்டெலிக்கு,

நலம். அண்ணனுக்கு வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

நான் வரவில்லை. எனக்கு ராசி இல்லை. ஒருமுறை வேண்டாம் என்ற வாசலில் மறுபடி போய் நிற்க முகமும் இல்லை. வற்புறுத்தாதே.

சித்தப்பா


ஆகஸ்ட் 29

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கும்பிட்டுக் கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கு என்ன ஆயிற்று?

உங்கள் கடிதம் சாதாரணமாக நாலாக மடித்து வந்தது. மூக்கு இல்லை. யாரோ பிரித்துவிட்டார்கள் என்று முதலில் பயந்தேன். அப்புறம் தாளைத் தடவிப் பார்த்தேன். மூக்கு வைத்து நசுங்கிய தடமே இல்லை. எழுத்தும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கிறது.

நீங்கள் ராசி இல்லை என்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஜனவரியில் சொல்ல நினைத்ததை இப்போது சொல்கிறேன்.

சீட்டுப் போட்ட அன்று அப்பா கண்ணாடி எடுத்து வரவில்லை. அவருடைய டோக்கன் எண்ணை நான்தான் சீட்டில் எழுதினேன். எழுதியதும் என் கை அதுவாகவே மூக்கு வைத்து மடித்துவிட்டது. மடித்தது பழக்கம். பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கண்ணைக் கட்டினார். டப்பாவுக்குள் கை விட்டேன். பத்துச் சீட்டு, சும்மாதான் எடுத்தேன். பதினொன்றாவதை மட்டும் தேடினேன். தேடியது பழக்கம் இல்லை. அடியில் மூக்கு தட்டுப்பட்டது, எடுத்துவிட்டேன்.

உங்களுக்கு ராசி இல்லை என்று யார் சொன்னது? அங்கே ராசி என்று ஒன்று இருக்கவே இல்லை.

இதை யாரிடமும் சொல்லாதீர்கள். தெரிந்தால் அப்பாவின் சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. வேலையும் போய்விடும். அவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் நீங்கள் வந்து பதியுங்கள்.

என்னை வெறுத்துவிடாதீர்கள்.

சுண்டெலி


செப்டம்பர் 7

அன்புள்ள சுண்டெலிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி. ஜூலையில் லாரியின் பின்கதவு விழுந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பாதி பாதிதான் இருக்கின்றன. மூக்கு வைக்க அந்த இரண்டும் வேண்டும். இப்போது வாசலில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறேன், பாதிச் சம்பளம். புண் ஆறிவிட்டது. அண்ணனிடம் சொல்லாதே, ராத்திரியே வண்டி ஏறி வந்து நிற்பார்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இனி என் முறை.

அன்று வரிசையில் நான் கடைசி ஆள். நீ அண்ணன் சீட்டுக்கு மூக்கு வைத்ததைப் பார்த்தேன். பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு அதிகாரி, "இந்தப் பாப்பா எடுக்கட்டும்" என்று உன்னைக் கைகாட்டினார். அப்போது என் சீட்டு என் கையில்தான் இருந்தது. திரும்பி நின்று அதற்கும் மூக்கு வைத்தேன். வைத்துவிட்டுத்தான் டப்பாவில் போட்டேன். பிறகு கண்ணைக் கட்ட என் கைக்குட்டையையே நீட்டினேன்.

புரிகிறதா? நீ பழக்கத்தில் வைத்தாய். நான் யோசித்து வைத்தேன். உன் கை அண்ணனை விட்டுவிட்டு என்னை எடுக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி பிள்ளை உள்ளவர் அவர், தனி ஆள் நான். அதற்கப்புறம் அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சாப்பிடுவது? அதனால்தான் நாலாம் நாள் கிளம்பினேன். வேலை தேடி வந்தேன் என்று எல்லாரையும் நம்பவைத்தேன்.

ஆகையால் நீ அழாதே. டப்பாவுக்குள் இரண்டு மூக்கு இருந்தது, உன் கையில் ஒன்று அகப்பட்டது. அது அண்ணனுடைய ராசி. எனக்கு அது இல்லை என்பதும் நிஜம்தான்.

நன்றாகப் படி.

சித்தப்பா


செப்டம்பர் 14

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கையை நினைத்து மூன்று நாளாக எதுவும் இறங்கவில்லை. அம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்கிறேன்.

நீங்கள் எனக்காகக் கண்டுபிடித்த ஆறுதலை நான் வாங்கிக்கொள்ள முடியாது. ஒன்றை இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இத்தனை மாதம் நினைத்தேன்.

இருபத்தைந்தோ இருபத்தாறோ எடுக்கும்போது, இன்னொரு மூக்கு என் விரலில் பட்டது.

அந்தத் தொழிற்சாலையில் அப்படி மடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். கண் கட்டியிருந்தாலும் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கைக்குட்டையில் உங்கள் சோப்பு வாசனை வேறு. விரலுக்கு நடுவில் பிடித்துவிட்டேன். அப்போது, ஒரே வீட்டில் இரண்டு பேர் வந்தால் எல்லாருக்கும் சந்தேகம் வரும், மடிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள், அப்பாவுடையதும் போய்விடும் என்று தோன்றியது. அதை டப்பாவின் அடியில் அமுக்கிவிட்டு, மேலே இருந்த வேறு ஒன்றை எடுத்தேன்.

நீங்கள் ராசி இல்லாதவர் இல்லை. நான் உங்களை விட்டுவிட்டேன்.

லாரிக் கதவு விழுந்த நாளில் நீங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவர். எப்படி யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

30ஆம் தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. வந்து பதியுங்கள்.

சுண்டெலி


செப்டம்பர் 26

சுண்டெலிக்கு,

உடம்பு நலம். மனசு அவ்வளவு நலமில்லை.

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கோபத்தில் இருந்தேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று எழுத மாட்டேன். ராத்திரி விரல் வலிக்கும்போது உன் முகம்தான் வருகிறது. அடுத்து என் முகம் வருகிறது, கைக்குட்டையை நீட்டிக்கொண்டு. அதற்கப்புறம் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

அறையில் இருக்கும் ஒருவனிடம் பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்தப் பொண்ணு அப்பாவை எடுத்துச்சு, சித்தப்பாவை விட்டுச்சு. சரி. அந்த மூக்கு இல்லாம சீட்டு மடிச்சுப் போட்டவன் ஒருத்தன், அப்பனுக்குப் பதிலா வந்திருக்க வேண்டியவன், அவன் எங்கடா டப்பா இப்ப?" என்று கேட்டான். ஒன்பது மாதமாக நீயும் நானும் நம் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறோம்.

வருகிறேன். 30ஆம் தேதி காலை வண்டி. டப்பாவுக்கு என் மேல் பகை இல்லை என்று தெரிந்த பிறகு வராமல் இருக்க எனக்குச் சாக்கு இல்லை. இடது கையால் ஸ்பேனர் பிடிக்க விடுவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன். பதியும் மேஜையில் கணக்கம்மா இருப்பார் என்றால், என் மூக்கை நான் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பதிவேன். அதற்காக இடம் இல்லை என்றால் திரும்பி வருவேன். உன்னுடையதை நான் சொல்ல மாட்டேன். அது உன்னுடையது.

பேருந்து நிலையத்துக்கு நீ மட்டும் வா.

இந்தக் கடிதத்துக்கு மூக்கு வைக்க ஐந்து தடவை பார்த்தேன். நிற்கவில்லை. பயிற்சி போதாது.

சித்தப்பா


செப்டம்பர் 29

மதிப்புக்குரிய கணக்கம்மாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் பெயர் தெரியாததால் நாங்கள் வீட்டில் கூப்பிடுவது போலவே எழுதியிருக்கிறேன், மன்னியுங்கள். மார்ச் மாதம் எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

என் அப்பாவின் டோக்கன் எண் 417. அந்த எண் குலுக்கலில் வரவில்லை. நான் எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று நேரில் செய்து காட்டுகிறேன்.

அப்பாவுக்கு இது தெரியாது. நாளை உங்களிடம் சொன்ன பிறகு, அவர் வேலை முடிந்து வந்ததும் நானே சொல்வேன். அவர் இடம் பொய்யாக வந்தது. ஆனால் அவர் படித்தது பொய் இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடிக்கிறது. சான்றிதழைப் பற்றி முடிவு செய்யும்போது தயவுசெய்து அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் பயிற்சி கிடைத்தவர்கள் பக்கம் அப்பா இருக்கிறார். அவருக்கு வேலை கிடைத்ததால் அந்தப் பக்கம் ஒன்று கூடியிருக்கும். அதை அடித்துவிடுங்கள். கிடைக்காதவர்கள் பக்கத்தில் யாரோ ஒருவர் அங்கே இருக்க வேண்டியவர் இல்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அறுபது பேரில் ஒருவர். நாளை வரிசையில் நின்றாலும் நிற்பார். அதனால் என் விஷயத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும் எல்லாரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பாவும் நாளை வருவார். அவருக்கு வலது கை சரியில்லை. படிவத்தை நான் நிரப்பினால் நம்ப மாட்டீர்கள் என்பதால் அவரே இடது கையால் எழுதுவார், கொஞ்சம் நேரம் ஆகும்.

இந்தத் தாளை இரண்டாக மட்டும் மடித்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

இப்படிக்கு,
சீட்டு எடுத்த பெண்